ஏழாவது டேக்

போன வாரம் ஜென்சி ஃபோன் செய்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் சின்னதாக ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருக்கிறாள். நான் வேலை பார்த்த கடைசி மூன்று வருடம் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள்.

"அக்கா, ஒரு கோயில் பாட்டு. பாடுற அம்மாவுக்குத் தொண்ட கட்டிக்கிச்சு. ஒரே ஒரு சரணம்தான் பாக்கி. அவங்க முன்னாடி பாடினத மெஷினுக்குக் குடுத்தேன், அதுவே பாடிருச்சுக்கா. அச்சு அசல் அவங்கதான். இத அவங்ககிட்டச் சொல்லணுமா?"

"சொல்லு."

"சொன்னா வேணாம்பாங்களே."

"அதுக்குத்தான் சொல்லச் சொல்றேன்."

அவள் சிரித்தாள். "உங்க காலத்துல இதெல்லாம் பண்ண முடியாதுக்கா. அதான் எல்லாரும் யோக்கியமா இருந்தீங்க."

ஃபோனை வைத்தேன். என் இடது காதில் இரண்டு வருடமாக ஒரு சத்தம் இருக்கிறது. மூடாத பைப்பிலிருந்து காற்று மட்டும் வருவது மாதிரி. அதனால்தான் ஐம்பத்தொரு வயதில் ஹெட்ஃபோனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அந்தச் சத்தத்துக்கு உள்ளே, அதற்கும் அடியில், ஒரு சொல் கிடக்கிறது. 'போனேன்' என்கிற சொல். ஒரு பெண் பாடாத இடத்தில் அவள் குரலை வைத்து நான் செய்த சொல்.

பண்ண முடிந்தது ஜென்சி. மெஷின் இல்லாமலே முடிந்தது.

*

பேகம்பூர் பக்கம் ஒரு பழைய தோல் கிடங்கு. அதில் பாதியைத் தடுத்து காதர் சார் ஸ்டுடியோ ஆக்கியிருந்தார். அவர் அப்பா தோல் வியாபாரி. மகனுக்கு மைக்கில்தான் கிறுக்கு. வெட்டி மிஞ்சின தோல் துண்டுகளைச் சாக்கில் அடைத்துச் சுவர் முழுக்க வரிசையாகத் தைத்து வைத்திருந்தார். வெளியே லாரி ஹாரன் அடித்தாலும் உள்ளே தும்மல் அளவுக்குக்கூடக் கேட்காது. மழை பெய்தால் மட்டும் சுவர் ஆட்டு மந்தை மாதிரி மணக்கும். பாட வந்தவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். ரெண்டாவது பாட்டில் மறந்துவிடுவார்கள்.

கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று பாட்டு எழுதிக் கொடுக்கத்தான் என்னை எடுத்தார். எழுதின தாளை மைக் முன்னால் வைக்கப் போனேன். மைக்கின் உயரத்தைச் சரிசெய்தேன். அப்புறம் ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல், நானே பட்டனை அழுத்தினேன். படிப்பு அம்புட்டுதான். மீதி இருபத்தாறு வருடமும் வேலைதான்.

காதர் சாருக்குச் சில முறைகள் உண்டு. அதிலிருந்து ஒரு நூல் நகரமாட்டார்.

பாட வருகிற பெண்களிடம் முதல் சொல்லே, "அம்மா, வளையலத் தட்டுல வச்சிருங்க." பாடும் அறையின் வாசலில் ஒரு எவர்சில்வர் தட்டு இருக்கும். வளையல், கொலுசு, ஆடுகிற கம்மல் எல்லாம் அதில். மைக்குக்குக் கண் கிடையாது, அதனால் எல்லாவற்றையும் ஒரே அளவு மதிக்கும் என்பார். ராகமும் வளையலும் அதற்கு ஒன்றுதான்.

யாரும் பாடும் முன் அந்த அறையின் வெறும் மௌனத்தை அரை நிமிடம் பதிவு செய்யவேண்டும். "ஆளுக்கு முன்னாடி ரூம் பேசட்டும்." பின்னால் எங்காவது வெட்டி ஒட்ட நேர்ந்தால், தையல் தெரியாமல் இருக்க அந்த மௌனத்தைத்தான் அடியில் விரிப்போம்.

மூன்றாவது, டேக் நோட்டு. ஒருவர் ஒரு தடவை பாடினால் ஒரு டேக். எத்தனையாவது, எங்கே பிசகியது, எதை வைக்கலாம் என்று கோடு போட்ட நோட்டில் பென்சிலால் எழுதவேண்டும். கம்ப்யூட்டர் வந்து எல்லாம் திரையில் தெரிந்த பிறகும் அந்த நோட்டு போகவில்லை. ஒரு சிவப்புப் பென்சில். நோட்டு மேலேயே கிடக்கும்.

அவர் கேட்கும் விதம் தனி. ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நிற்பார். வலது உள்ளங்கையைச் சுவர்த் தோலில் வைத்திருப்பார், மாட்டுக்கு நாடி பார்க்கிறவர் மாதிரி. நன்றாக இருந்தால் "ம்" என்பார். நன்றாக இல்லாவிட்டாலும் "ம்"தான். நீளம் மட்டும் வேறு. அந்த நீளத்தை அளக்க எனக்கு நாலு வருடம் ஆனது.

ஒரு தேர்தல் சமயம். ரெண்டு பேர் ஒரு கேசட்டோடு வந்தார்கள். எதிராளியின் பேச்சு. அதில் வந்த 'மாட்டேன்' என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டு, அவரே வேறு இடத்தில் பேசிய ஒரு சொல்லை ஒட்டவேண்டும் என்றார்கள். காதர் சார் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். டீ குடித்து முடித்ததும் கேசட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"கத்திரி என்கிட்ட இருக்கு. நாக்கு அவர்கிட்டல்ல இருக்கு" என்றார். அவர்கள் போனதும் என்னிடம் திரும்பி, "பிசகுனத வெட்டலாம். பாடினதுல நல்லத எடுத்துச் சேக்கலாம். வாயில வராத வாக்கியத்த மட்டும் செய்யாத. புரியுதா?"

புரிந்தது. அன்றைக்கு.

*

எங்கள் ஊரில் ராக் பேண்ட் என்றால் சிரிப்பார்கள். கோயில் பாட்டு, கல்யாணப் பாட்டு, கடை விளம்பரம். இதுதான் எங்களுக்குச் சோறு. அந்தச் சோற்றுக்கு நடுவில் நாலு பேர், முடி வளர்த்துக்கொண்டு, அடித்த அடியில் என் மானிட்டர் ஸ்பீக்கரின் காகிதமே கிழிகிற மாதிரி வந்து சேர்ந்தார்கள். பேண்டின் பெயர் 'கள்ளச்சாவி'. பூட்டுக்குப் பேர் போன ஊருக்கு இதைவிடக் குசும்பான பெயர் வைக்க முடியாது.

கதிர் கிட்டார், பாட்டு எழுதுவது, பாடுவது. அவன் பெண்டாட்டி வினோதினி கீபோர்டு, ரெண்டாவது குரல், மெட்டு. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தாளத்தை விரலால் எண்ணமாட்டாள், இமையால் எண்ணுவாள். ஆரோக்கியம் டிரம்ஸ். பேஸ் கிட்டார் வாசிக்கிற பையன் வாயே திறக்கமாட்டான், அவனை விட்டுவிடலாம்.

நான் சொல்லப்போகும் நாளுக்கு இப்போது பத்து வயது. சென்னையில் ஒரு கம்பெனி பத்துப் பேண்டுகளிடம் ஆளுக்கு ஒரு பாட்டு கேட்டிருந்தது. அன்று சாயங்காலம் ஆறு மணிக்குள் பாட்டு போய்ச் சேரவேண்டும். சேராவிட்டால் அந்த இடம் காத்திருக்கிற இன்னொருவருக்கு.

அந்த நாளுக்குள் இன்னொன்றும் நடந்திருந்தது. கதிரும் வினோதினியும் ஒரே வீட்டில் இல்லை.

அவன் ஒரு நாள் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போனான். சொல்லிக்கொள்ளவில்லை. மேசையில் ஒரு சீட்டு, 'வாய்ப்பு தேடிப் போறேன்' என்று. ஃபோனை எடுக்கவில்லை. இருபத்திரண்டு நாள் நாகல் நகர் வாடகை வீட்டில் தனியாக இருந்துவிட்டு, இருபத்து மூன்றாவது நாள் அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு அகரத்தில் இருக்கிற அப்பா வீட்டுக்குப் போனாள். அதற்கு மறுநாள் அவன் வந்தான். பூட்டைப் பார்த்தான். 'என்னை விட்டுட்டுப் போயிட்டா' என்று ஊருக்குச் சொன்னான். வேலைக்குப் போவது விட்டுப் போவதா என்பது அவன் கட்சி. சொல்லாமல் போவதற்குப் பெயர் வேறென்ன என்பது அவள் கட்சி. ரெண்டு வீட்டுப் பெரியவர்களும் ஞாயிற்றுக்கிழமை அகரத்தில் உட்கார்ந்து பேசுவதாக ஏற்பாடு. அங்கே முடிவாகவேண்டியது ஒரே கேள்விதான். யார் முதலில் வீட்டை விட்டுப் போனது?

எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தது வெள்ளிக்கிழமை.

"பாட்டு வேற, வீடு வேற அக்கா" என்று உள்ளே வந்ததும் வினோதினி என்னிடம் சொன்னாள். மெட்டு அவளுடையது. அது வெளியே வரவேண்டும் என்ற தவிப்பு அவனுக்கு எவ்வளவோ அவளுக்கும் அவ்வளவு. வளையலைக் கழற்றித் தட்டில் வைத்தாள். சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல், கைக்கு அரை டஜன். முன்பெல்லாம் மைக் முன் நின்றதும் தாலிச் சங்கிலியை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்கொள்வாள், பித்தானில் தட்டக்கூடாதென்று. அன்றும் கை பழக்கத்தில் கழுத்துவரை போனது. ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த நான் குனிந்து நோட்டில் தேதி எழுதினேன்.

பாட்டு இப்படி. உடைந்துகொண்டிருக்கிற ஒரு வீடு. அவன் கேட்பான், அவள் பதில் சொல்வாள்.

*மழை வந்த நேரம் சன்னல யாரு தொறந்தா?*
*நான்தான்... நான்தான் தொறந்தேன்.*

*கொடியில காஞ்ச துணிய யாரு மறந்தா?*
*நான்தான்... நான்தான் மறந்தேன்.*

நடுவில் டிரம்ஸ் எல்லாம் அடங்கி அவள் மட்டும் பாடுகிற ஒரு வரி. *உன்னத் தேடி ஊரெல்லாம் போனேன்.* அந்தப் 'போனேன்' ஏறிக்கொண்டே போய், முடியாமல், ஏணியின் கடைசிப் படியில் நின்று எட்டிப் பார்க்கிற மாதிரி நிற்கும். அதற்குமுன் ஒரு மூச்சு எடுப்பாள். ஆழமாக, லேசாக உடைந்து. காதர் சார் சுவரைப் பார்த்துக்கொண்டே "ம்" என்றார். அவர் சொன்னதிலேயே மிகக் குட்டையான "ம்" அதுதான். அதற்கு மேல் ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

ஆறு டேக். எல்லாம் நோட்டில் ஏறியது. மூன்றாவது கேள்வி பாக்கி. 'இன்னும் எழுதல' என்று ஒரு மாதமாக இழுத்துக்கொண்டிருந்த வரியை மத்தியானம் ரெண்டு மணிக்குக் கதிர் சட்டைப் பையிலிருந்து எடுத்தான். நான்தான் வாங்கி, மைக் முன்னால் வைத்தேன்.

*வீட்ட விட்டு முதல்ல யாரு போனா?*
*நான்தான்... நான்தான் போனேன்.*

வினோதினி படித்தாள். ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

"இத நான் பாடமாட்டேன்."

"ஏன்?" கதிர் கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டான்.

"ஏன்னு ஒனக்குத் தெரியாதாக்கும்."

"பாட்டு வினோ இது. பாட்டுல வர்றவ நீயா? அவ யாரோ."

"அவ யாரோன்னா குரலும் யாரோடதோ வச்சுக்க. ஞாயித்துக்கிழம ஒங்க மாமா செல்ஃபோன எடுத்து நடுவுல வச்சு, இந்தா அவளே பாடியிருக்கா பாருன்னுவாரு. எங்கப்பா தலையக் குனிஞ்சுக்கிட்டு ஒக்காந்திருப்பாரு. வேற வரி எழுது."

"அந்த வரிதான் பாட்டு. மத்த ரெண்டும் அதுக்கு வாசப்படி."

"அப்ப நடுவீட்டுல நீயே நின்னுக்க."

ஆரோக்கியம் டிரம்ஸ் குச்சியால் தன் முட்டியைத் தட்டினான். "ஏலே, கேள்வியையே மாத்திரு. வீட்டுல கடைசி தோசைய யாரு தின்னான்னு கேளு, நான்தான்னு நானே பாடிர்றேன்." யாரும் சிரிக்கவில்லை.

நாலேகால் வரை இதே பேச்சு. உள்ளே காற்று கெட்டியானது. நாலரை மணிக்குக் காதர் சார் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு அஸர் தொழுகைக்குக் கிளம்பினார். வாசலில் நின்றார்.

"நான் வர்றதுக்குள்ள பேசி முடிங்க. ராணி, அந்தப் புள்ள பாடினா எழுதி வை. பாடலன்னா வெறும் எடமா விட்டுரு."

அவர் செருப்புச் சத்தம் தேய்ந்ததும் வினோதினி எழுந்தாள். "நான் வாரேன் அக்கா" என்றாள். கதிரைப் பார்க்கவில்லை. போய்விட்டாள். தட்டில் வளையல் அப்படியே இருந்தது. அதை நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

*

கதிர் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கண் சிவந்திருந்தது. கெட்டவன் இல்லை அவன். இதைச் சொல்லாமல் போனால் நான் பாதி பொய் சொன்னவள் ஆவேன். பதினேழு வயதிலிருந்து எனக்குத் தெரிந்த பையன். ஆறு மணிக்குள் பாட்டு போகாவிட்டால் என்ன ஆவான் என்று எனக்குத் தெரியும். நாகல் நகரில் அந்தப் பூட்டுக்கு முன்னால்தான் போய் நிற்பான்.

"அக்கா. 'நான்தான்' இருக்குல்ல, மொதப் பதில்ல. 'போனேன்' இருக்குல்ல, தேடிப் போனேன்ல. உங்களால முடியும்க்கா. ஊருக்குள்ள உங்களால மட்டும்தான் முடியும்."

"அவ பாடலயேப்பா."

"ரெண்டு சொல்லும் அவ பாடினதுதானக்கா. புதுசா என்ன செய்யப் போறோம்? எடத்த மாத்தி வைக்கிறோம், அம்புட்டுதான்."

"ஏலே, இது நல்லால்ல" என்றான் ஆரோக்கியம் மூலையிலிருந்து.

"நீ சும்மா கெட."

நான் மறுத்திருக்கவேண்டும். இங்கே எத்தனையோ காரணம் எழுதலாம். நேரமில்லை, இரக்கம், பிள்ளை மாதிரிப் பையன். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உண்மை. முழு உண்மை வேறு. அவன் 'உங்களால மட்டும்தான்' என்றான். இருபது வருடமாக ஒரு நீண்ட "ம்"முக்கும் குட்டை "ம்"முக்கும் நடுவில் காத்துக் கிடந்த காது அது. அந்தச் சொல் உள்ளே போய் இனித்தது. முடியுமா என்று பார்க்கலாமே என்று கை மவுஸைத் தொட்டது. தொட்ட பிறகு கை என்னைக் கேட்கவில்லை.

முதல் பதிலிலிருந்து ரெண்டு 'நான்தான்' எடுத்தேன். எளிது. 'போனேன்'தான் பாடு படுத்தியது. அது ஏறிப்போய் நிற்கிற சொல். ஒருத்தனைத் தேடிப் போகிற சொல் ஏறாமல் எப்படி இருக்கும்? விட்டுப் போகிற சொல் இறங்கவேண்டும். நான் அதை அரைச் சுரம் அரைச் சுரமாகக் கீழே வளைத்தேன். வால் நீளமாக இருந்தது, நறுக்கினேன். ஆசையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அந்தச் சொல்லின் தோலை மட்டும் வைத்துக்கொண்டேன். சுற்றிலும் தோல் சுவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அடியில் காலையில் பதிந்த அறையின் மௌனத்தை விரித்தேன். தையல் மறைந்தது.

ஓட்டிப் பார்த்தேன். ஏதோ குறைந்தது. மூச்சு இல்லை. மூச்சு எடுக்காமல் எந்த மனுஷி பாடுவாள்? தேடிப் போன வரிக்கு முன்னால் இருந்த அந்த ஆழமான, லேசாக உடைந்த மூச்சை எடுத்து இதற்கு முன்னால் வைத்தேன்.

இப்போது ஓட்டினேன். *வீட்ட விட்டு முதல்ல யாரு போனா?* மூச்சு. *நான்தான்... நான்தான் போனேன்.*

கதிர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அவள் தன்னிடம் கடைசியில் ஒத்துக்கொண்டுவிட்ட மாதிரியே அழுதான். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

இருபத்தைந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. வெளியே செருப்புச் சத்தம். நான் சிவப்புப் பென்சிலை எடுத்து நோட்டில் எழுதினேன். நல்ல கையெழுத்தில். *டேக் 7. மூன்றாவது பதில். சரி. வைக்கலாம்.*

*

காதர் சார் உள்ளே வந்தார். நோட்டைப் பார்த்தார்.

"பாடிட்டாங்களா?"

"பாடிட்டாங்க சார்."

"எப்ப?"

"நீங்க தொழுகைக்குப் போயிருந்தப்ப."

அவர் தொழுகையை என் பொய்க்குத் தாழ்ப்பாளாகப் போட்டேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் அதன் எடை தெரிந்தது. அவர் பாடும் அறை வாசலுக்குப் போனார். எவர்சில்வர் தட்டைத் தூக்கினார். வளையல்கள் ஒன்றோடொன்று நகர்ந்தன.

"வளையல விட்டுட்டுப் போயிருக்காங்களே."

"அவசரம் சார்" என்றேன்.

"ம்."

நீளமும் இல்லை, குட்டையும் இல்லை. அப்படி ஒரு "ம்"மை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

தட்டை வைத்தார். சுவருக்கு வந்தார். முதுகைக் காட்டி நின்று உள்ளங்கையைத் தோலில் வைத்தார். "முழுசா ஓட்டு."

ஐந்து மணி பத்து நிமிடம். நான் பட்டனை அழுத்தினேன். கிட்டார் வந்தது, டிரம்ஸ் வந்தது, முதல் கேள்வி, முதல் பதில். கதிர் நகத்தைக் கடித்தான். என் கண் சாரின் முதுகில் இருந்தது. ரெண்டாவது கேள்வி. தேடிப் போன வரி. ஏறிப்போய் நின்றது அந்தச் சொல். இன்னும் எட்டுத் தாளக்கட்டில் அதே சொல் முதுகு ஒடிந்து வரப்போகிறது. வாசற்கதவு திறந்த காற்று என் கழுத்தில் பட்டது. திரும்பவில்லை. மூன்றாவது கேள்வி.

மூச்சு. *நான்தான்... நான்தான் போனேன்.*

"அக்கா."

வினோதினி வாசலில் நின்றிருந்தாள். பஸ்ஸில் பாதி வழி போய் இறங்கித் திரும்பி வந்திருக்கிறாள். வெறுங்கையோடு வீட்டுக்குப் போனால் அம்மா என்னமோ ஏதோ என்று பதறிவிடுவாள் என்பதால் வளையலுக்காக வந்தவள். முகத்தில் கோபமில்லை. கணக்கில் எங்கேயோ ஓர் எண் பிசகியதைப் பார்க்கிற டீச்சரின் முகம்.

"அக்கா, அது 'உன்னத் தேடி'ன்னு பாட நான் எடுத்த மூச்சு."

நான் பாட்டை நிறுத்தினேன்.

"சொல்லு கெடக்கட்டும், எல்லாச் சொல்லும் எல்லாரும் பேசுறதுதான். மூச்சு என்னோடதுக்கா. அத எதுக்கு எடுத்தேன்னு எனக்குத் தெரியும்ல?"

கதிர் எழுந்தான். "வினோ, செத்த நேரம் நான் சொல்றதக்..."

"ஒங்கிட்ட நான் பேசல. நீ செய்வ. அக்கா, நீங்களா?"

அந்த 'நீங்களா'வுக்கு நான் எந்தச் சொல்லை எங்கிருந்து எடுத்து ஒட்டுவேன்? காதர் சார் சுவரிலிருந்து கையை எடுத்தார். மெதுவாகத் திரும்பினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம். சிவப்புப் பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீ எழுதினத நீயே அடி."

அடித்தேன். ஏழாவது வரியின் மேல் ஒரு கோடு. பிறகு திரையிலும் அழித்தேன். எடுத்த இடத்தில் ஒரு பள்ளம். கதிர் அந்தப் பள்ளத்தைப் பார்த்துக் கத்தினான்.

"ஆறு மணிக்குப் போகணும் சார்! அந்த எடத்துல இப்ப என்னத்த வைக்கிறது? கேள்வி கேட்டுட்டு ஊமையாட்டம் நிக்கிறதா?"

வினோதினி தட்டிலிருந்து வளையலை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டாள். அரை டஜன், அரை டஜன். கிளம்பப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் பாடும் அறைக்குள் போய் ஹெட்ஃபோனை மாட்டினாள்.

"கேள்விய ஓட்டுங்க அக்கா."

"வளையல்..." என்று ஆரம்பித்தேன். காதர் சார் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். இருபது வருடத்தில் வளையலோடு ஒருத்தியை அவர் மைக் முன்னால் விட்டது அன்றுதான்.

ஓட்டினேன். கதிரின் குரல் கேட்டது, *வீட்ட விட்டு முதல்ல யாரு போனா?* கண்ணாடிக்கு அப்பால் வினோதினி மூச்சு எடுத்தாள். நெஞ்சு நிறைய, தோள் ஏறும் அளவுக்கு. வாய் திறந்தது. கதிர் என் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தான். அவள் பாடவில்லை. எடுத்த மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலு தாளக்கட்டு. கை லேசாக இறங்கியது, வளையல் ஒரு தடவை கிலுங்கியது. அவ்வளவுதான். டிரம்ஸ் மறுபடி இடிந்து விழுந்தது.

ஹெட்ஃபோனைக் கழற்றி மாட்டிவிட்டு வெளியே வந்தாள். "என் பதில் இதுதான். வேணும்னா வைங்க. இல்லாட்டி என் மெட்டையும் எடுத்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

காதர் சார் குனிந்து நோட்டில் தானே எழுதினார். *டேக் 8. பாடவில்லை. மூச்சு, வளையல். இதுதான்.*

கதிர் அதைப் படித்தான். ஐந்து ஐம்பத்திரண்டுக்கு, "அனுப்புங்கக்கா" என்றான்.

*

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை ஆரோக்கியம் வந்து சொன்னான். அவள் சொன்ன மாதிரியே கதிரின் மாமா, மூன்றாவது பதில் மாறியது தெரியாமல், செல்ஃபோனை எடுத்து நடுவில் வைத்திருக்கிறார். கதிர் வேண்டாம் என்று கையைப் பிடித்தும் கேட்கவில்லையாம். பாட்டு ஓடியது. சன்னல், துணி என்று அவளே ஒத்துக்கொள்வதைக் கேட்டு மாமா தலையாட்டிக்கொண்டே வந்திருக்கிறார். மூன்றாவது கேள்வி. மூச்சு. வளையல்.

அகரத்துப் பெரியவர் ஒருத்தர் காதில் கை வைத்துக்கொண்டு கேட்டாராம். "ஏப்பா, அந்தப் புள்ள என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லலங்க."

"கேட்டது யாரு?"

"கதிருங்க."

"அப்ப அவனே சொல்லட்டும். ஏலே, யாரு முதல்ல போனது?"

கதிர், மேசையில் சீட்டு எழுதி வைத்ததைச் சொன்னானாம். இருபத்திரண்டு நாள் ஃபோனை எடுக்காததையும். அவள் அப்பா அன்று தலை குனியவில்லை. அவர்கள் சேரவில்லை, ஒரு வருடம் கழித்து முறைப்படி பிரிந்தார்கள். ஆனால் அவள் சொல்லாத ஒன்று அவள் தலைமேல் ஏறவில்லை. என் தயவால் அல்ல. கண்ணாடி வளையலின் தயவால்.

இன்றைக்கும் கல்லூரி விழாக்களில் 'கள்ளச்சாவி' அந்தப் பாட்டைப் பாடுகிறது. கதிர் மூன்றாவது கேள்வியைக் கேட்டுவிட்டு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுகிறான். பிள்ளைகள் ஒரே குரலில் கத்துகிறார்கள், "நீதான்!" அவன் ஒவ்வொரு தடவையும் அதை வாங்கிக்கொள்கிறான்.

பிறகு ஜென்சிக்கு நானே ஃபோன் செய்தேன். "அந்த அம்மாவுக்கு இப்பவே போட்டுக் காட்டு. அவங்க மொகத்தப் பாத்துக்கிட்டே காட்டு" என்றேன். "ஏன்க்கா?" என்றாள். இதைத்தான் இவ்வளவு நேரமும் சொன்னேன். ஒன்றே ஒன்று பாக்கி.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு காதர் சார் ஏழாவது டேக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சம்பளத்தில், மரியாதையில், 'ராணி' என்று கூப்பிடுகிற குரலில் ஒரு குறைவும் இல்லை. தொழுகைக்குக் கிளம்பும்போது மட்டும், நோட்டு மேல் கிடக்கிற சிவப்புப் பென்சிலை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போவார். எட்டு வருடம். ஒரு நாள் தவறாமல்.

நான் விலகிய நாளன்று அஸர் நேரம் வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போனார், நின்றார், பையிலிருந்து பென்சிலை எடுத்துப் பார்த்தார். என் மூச்சு எனக்கே கேட்டது.

திரும்பப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.